மீன் ஏலக் கணக்குக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர்: நிறுவுவதிலிருந்து மீட்டெடுப்பது வரை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் ஏலக்கூடத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் எத்தனை கணக்கு ஓடுகிறது என்று தெரியும். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, யார் எடுத்தார், என்ன விலை என்பது ஒரு பக்கம். படகுக்காரர் முன்பணமாக வாங்கியது, ஐஸுக்கும் டீசலுக்கும் பற்று எழுதியது, வியாபாரி போன வாரம் வைத்த பாக்கி எல்லாம் இன்னொரு பக்கம். நோட்டிலிருந்து எக்செலுக்கு மாறியவர்கள் பலர் உண்டு. இரண்டு கணினியில் இரண்டு கோப்பு ஆனதும் எது சரி என்ற சண்டை அங்கேதான் தொடங்குகிறது. இந்த வேலைக்கு, ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளில் கணக்கை வைக்கும் உறவுநிலைத் தரவுத்தளம்தான் சரியான கருவி. அவற்றில் நான் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லை, சுருக்கமாக போஸ்ட்கிரெஸை, பரிந்துரைக்கிறேன். மரியாடிபியும் நல்லதுதான். ஆனால் தமிழ் அகரவரிசை, கண்டிப்பான தரவு வகைகள், மின்சாரம் போனபின் மீண்டெழுவது ஆகிய மூன்றிலும் எனக்கு போஸ்ட்கிரெஸ் மேல் நம்பிக்கை அதிகம்.

நிறுவுவதற்குப் பத்து நிமிடம் போதும். நம் கடற்கரையில் உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான் வருகிறது. பதிவான ஒரு வரி, கரண்ட் எத்தனை தடவை போய் வந்தாலும் இருக்க வேண்டும். இயந்திரமே கெட்டுப்போனாலும் வேறு இடத்தில் கணக்கைத் திரும்ப எழுப்ப முடிய வேண்டும். இந்த இரண்டையும் செய்து பார்க்காத சர்வரில் ஊர்ப்பணத்தை எழுதக் கூடாது. அதனால் அந்தப் பகுதிகளில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

கட்டளைகளை வாயால் சொல்வதைப் போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். நேரமண்டலப் பெயரில் மட்டும் முதலெழுத்துகள் பெரியவையாக இருக்க வேண்டும் (Asia/Kolkata).

இயந்திரமும் இடமும்

இணையம் அறுந்தாலும் ஏலம் நிற்காது. ஆகவே சர்வர் உள்ளூரிலேயே இருக்கட்டும். 8 ஜிபி நினைவகமும் ஒரு நல்ல எஸ்எஸ்டியும் உள்ள சாதாரணக் கணினி ஒரு ஏலக்கூடத்துக்குத் தாராளம். எஸ்எஸ்டி வாங்கும்போது மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருப்பதை முடிக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சர்வர்களுக்கென்று விற்கும் வகைகளில் அது இருக்கும், விலை கொஞ்சம் கூடும். சேமிக்க வேண்டும் என்றால் வேறு எதிலாவது சேமியுங்கள், இதில் வேண்டாம்.

இயந்திரத்தை ஏலக்கூடத்திலேயே வைக்காதீர்கள். உப்புக்காற்றும் ஈரமும் நினைவகப் பலகையின் முனைகளிலும் விசிறியிலும்தான் முதலில் வேலையைக் காட்டும். கதவு மூடிய அறை, தரையிலிருந்து உயரமான அலமாரி, அங்கிருந்து கூடத்துக்கு ஒரு கேபிள் அல்லது வைஃபை போதும்.

வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது மாறும் கணத்திலேயே கணினி அணைந்து எழும் வாய்ப்பு உண்டு. யுஎஸ்பி கேபிள் உள்ள யுபிஎஸ் ஒன்றை வாங்கி, லினக்ஸில் 'நட்' என்ற பொதியை நிறுவி இரண்டையும் இணையுங்கள். பேட்டரி தீரப்போகும் நேரத்தில் அது சர்வரை முறையாக அணைத்துவிடும். பயாஸில் மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கும்படி அமைத்துவிடுங்கள். விடிகாலை நாலு மணிக்குப் பொத்தானை அழுத்த யாரும் அங்கே இருக்கமாட்டார்கள்.

நிறுவுதல்

உபுண்டு 24.04 சர்வர் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். அதனுடன் போஸ்ட்கிரெஸ் 16 வருகிறது. அந்தப் பதிப்புக்கு 2028 நவம்பர் வரை திருத்தங்கள் கிடைக்கும். டெபியன் 12 வைத்திருந்தால் 15 வரும், மற்றபடி எல்லாம் இதேதான்.

முதலில் நேரம். 'டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏஷியா/கொல்கத்தா' என்று கொடுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடினால், நம் ஊரில் காலை 5.30 மணி வரை அதற்கு முந்தைய நாள்தான். ஐந்து மணிக்குப் போட்ட ஏலமெல்லாம் நேற்றைய தேதியிலும், ஆறு மணிக்குப் போட்டவை இன்றைய தேதியிலும் விழும். மாலையில் கணக்கு முடிக்கும்போது தொகை இடிக்கும், காரணமும் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் 'சூடோ ஆப்ட் அப்டேட்', அதைத் தொடர்ந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்'. முடிந்ததும் 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' என்று தட்டிப் பாருங்கள். 16, மெயின், 5432 என்ற எண், ஆன்லைன் என்ற நிலை ஒரே வரியில் வந்தால் நிறுவல் சரி. அமைப்புக் கோப்புகள் ஈடிசி அடைவின் கீழ் போஸ்ட்கிரெஸ்கியூஎல், 16, மெயின் என்ற வரிசையில் இருக்கும். தரவு வார் அடைவில், லிப் என்பதன் கீழ் அதே வரிசையில் இருக்கும். தரவு அடைவில் எந்தக் கோப்பையும் கையால் தொடாதீர்கள், அழிக்காதீர்கள். இடம் அடைகிறது என்று, மாற்றங்களின் பதிவேடு இருக்கும் 'பிஜி_வால்' அடைவைக் காலி செய்தால் தரவுத்தளமே எழாமல் போகும்.

தரவு சேருமுன்பே செய்துவிட வேண்டிய ஒன்று, செக்சம். வட்டில் ஒரு பக்கம் சத்தமில்லாமல் கெட்டுப்போனால் கண்டுபிடித்துச் சொல்லும் வசதி அது. 16இல் இயல்பாக அணைந்திருக்கும். சர்வரை நிறுத்தி, 'போஸ்ட்கிரெஸ்' பயனராக 'பிஜி_செக்சம்ஸ்' கட்டளையை 'எனேபிள்' என்ற தெரிவுடன் தரவு அடைவைக் காட்டி ஓட்டி, மறுபடி தொடங்குங்கள். காலித் தரவுத்தளத்தில் ஒரு கணத்தில் முடிந்துவிடும்.

தமிழைச் சரியாக வைத்துக்கொள்ள

தரவுத்தளத்தை உருவாக்கும்போதே தமிழ் அகரவரிசையைச் சொல்லிவிடலாம். 'கிரியேட்டிபி' கட்டளையில் 'டெம்ப்ளேட்0' என்பதை வார்ப்பாகவும், 'லொகேல்-ப்ரொவைடர்' என்பதற்கு ஐசியு (பல மொழிகளின் அகரவரிசை விதிகளைக் கொண்ட நிரல்தொகுப்பு) என்றும், 'ஐசியு-லொகேல்' என்பதற்கு டிஏ-ஐஎன் என்றும் கொடுங்கள். குறியாக்கம் யுடிஎஃப்-8.

இது எதற்கு என்றால், யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண் வரிசை நம் அகரவரிசை அல்ல. அதில் ன என்பது ந-வை அடுத்தே வந்துவிடுகிறது. அந்த வரிசைப்படி மீன் பட்டியலைக் கேட்டால் கணவாய், கானாங்கெளுத்தி, காரல் என்று வரும். ஐசியு தமிழ் வரிசையில் கணவாய், காரல், கானாங்கெளுத்தி என்று வரும். ஐம்பது மீன் பெயரில் ஒன்றைத் தேடும் கணக்குப்பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. கொடுவா என்பதிலுள்ள கொ-வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு வேறு. ஒரு ஃபோனிலிருந்து வந்த கொடுவாவும் கணினியில் தட்டிய கொடுவாவும் தனித்தனி மீனாகப் பட்டியலில் நிற்கும். பெயர் வரும் ஒவ்வொரு பத்தியிலும், ஒரே குறியான வடிவத்தை மட்டும் ஏற்கும் 'இஸ் என்எஃப்சி நார்மலைஸ்டு' என்ற செக் கட்டுப்பாட்டைப் போடுங்கள். உள்ளே விடுமுன், அந்த வடிவத்துக்கு மாற்றும் 'நார்மலைஸ்' செயல்கூறு வழியாக அனுப்புங்கள். போஸ்ட்கிரெஸ் 13லிருந்து இரண்டும் உண்டு.

அட்டவணைகளும் உரிமைகளும்

படகு, வியாபாரி, மீன் வகை, ஏலம், பற்றுவரவு என்று ஐந்து அட்டவணையில் தொடங்கலாம். ஏலத்தில் ஒரு வரி எழுத வேண்டுமென்றால் அந்தப் படகும் வியாபாரியும் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். ஃபாரின் கீ போட்டுவிட்டால் இல்லாத ஆள் பெயரில் பாக்கி ஏறாது. படகின் பதிவு எண்ணில் எழுத்தும் கோடும் கலந்து வரும், அதை டெக்ஸ்ட் வகையிலேயே வையுங்கள். தொகைக்கு 'நியூமரிக்' 12,2 (மொத்தம் 12 இலக்கம், அதில் 2 தசமம்). எடைக்கு 'நியூமரிக்' 10,3. 'ஃப்ளோட்' வகையைப் பணத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. அது தசமங்களைத் தோராயமாகத்தான் வைத்திருக்கும், கூட்டக் கூட்டப் பைசா பிசகும். நேரத்துக்கு நேரமண்டலம் சேர்ந்த 'டைம்ஸ்டாம்ப்டிஇசட்'. அதோடு ஏலத் தேதி என்று தனியாக ஒரு பத்தியும் வேண்டும். நள்ளிரவுக்கு முன் கரைக்கு வந்த சரக்கு மறுநாள் ஏலக் கணக்கில் சேர்வது உண்டு.

பயனர்களில் இரண்டு பேரையாவது பிரியுங்கள். அட்டவணைகளுக்குச் சொந்தமான ஒரு ரோல், அதற்கு உள்நுழையும் உரிமை வேண்டாம். ஏலக்கூடத்து மென்பொருள் பயன்படுத்தும் இன்னொரு ரோல், அதற்குக் கடவுச்சொல் கொடுங்கள். 15ஆம் பதிப்பிலிருந்து 'பப்ளிக்' ஸ்கீமாவில் (ஸ்கீமா என்பது அட்டவணைகளைத் தொகுத்து வைக்கும் பகுதி) எல்லாரும் அட்டவணை உருவாக்க முடியாது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்று நிற்கும் இடம் இதுதான். 'ஏலம்' என்று தனி ஸ்கீமா ஒன்றை உருவாக்கி, முதல் ரோலை அதற்கு உரிமையாளர் ஆக்குங்கள்.

பற்றுவரவு அட்டவணையில் மென்பொருள் ரோலுக்குப் படிக்கவும் சேர்க்கவும் மட்டும் உரிமை கொடுங்கள். திருத்தவோ அழிக்கவோ வேண்டாம். தப்பான வரி விழுந்தால் எதிர்வரி போட்டுச் சரிசெய்யலாம், நோட்டுக் கணக்கிலும் நேர்மையான கணக்குப்பிள்ளை அப்படித்தான் செய்வார். முன்பணம் வாங்கிய படகுக்காரர் எப்போது வந்து கேட்டாலும் ஒவ்வொரு மாற்றத்தையும் காட்ட முடிய வேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வலைப்பின்னல்

இயல்பாக போஸ்ட்கிரெஸ் தன் இயந்திரத்திலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும். கூடத்து லேப்டாப்புகள் சேர வேண்டுமென்றால் 'லிசன்_அட்ரஸஸ்' அமைப்பை மாற்ற வேண்டும். சர்வரின் ஐபி முகவரியை அதில் எழுதும்படிதான் பலரும் சொல்வார்கள். நம் ஊரில் அதில் ஒரு தொல்லை உண்டு. கரண்ட் வந்ததும் ரவுட்டரும் சர்வரும் ஒன்றாக எழுகின்றன, ரவுட்டர் மெதுவாக எழும். அந்த முகவரி தயாராகுமுன் போஸ்ட்கிரெஸ் தொடங்கிவிட்டால் லாகில் (நிகழ்வுப் பதிவில்) ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு, அதே இயந்திரத்திலிருந்து மட்டும் எட்டக்கூடிய உள் முகவரியில் ஓடும். சர்வர் நன்றாக ஓடுவதாகத் தெரியும், லேப்டாப் மட்டும் சேராது. அதனால் இங்கே நட்சத்திரக் குறி போட்டு எல்லா முகவரியிலும் கேட்கச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டைப் பின்வரும் இரண்டு இடங்களில் வையுங்கள்.

ஒன்று, யார் எங்கிருந்து சேரலாம் என்று சொல்லும் 'பிஜி_எச்பிஏ' கோப்பு. அதில் 'ஹோஸ்ட்எஸ்எஸ்எல்' என்று தொடங்கும் ஒரு வரி, அடுத்து தரவுத்தளப் பெயர், மென்பொருள் ரோல், 192.168.1.0/24 என்ற உள்வலை, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் 'ஸ்க்ராம்-எஸ்எச்ஏ-256' முறை. மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் வரியைத்தான் அது எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 'ட்ரஸ்ட்' என்ற சொல் அந்தக் கோப்பில் எங்கும் இருக்கக் கூடாது, கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடும். இரண்டாவது, 'யுஎஃப்டபிள்யூ' தீச்சுவர். 5432க்கு அதே உள்வலையிலிருந்து மட்டும் அனுமதி. தீச்சுவரை இயக்குமுன், வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கதவைத் திறந்துவைக்க மறக்காதீர்கள்.

'பிஜி_எச்பிஏ' மாற்றத்துக்கு ரீலோட் போதும். 'லிசன்_அட்ரஸஸ்' மாற்றத்துக்கு ரீஸ்டார்ட் வேண்டும். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ இருந்து கணக்குப் பார்க்க விரும்பினால் வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக வாருங்கள். ரவுட்டரில் 5432ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்து கிடக்கும் தரவுத்தளங்களைத் தேடும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

நினைவக அமைப்புகளில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 8 ஜிபி இயந்திரத்தில் 'ஷேர்டு_பஃபர்ஸ்' 2 ஜிபி, 'எஃபெக்டிவ்_கேஷ்_சைஸ்' 5 ஜிபி, 'ஒர்க்_மெம்' 16 எம்பி, எஸ்எஸ்டி என்பதால் 'ரேண்டம்_பேஜ்_காஸ்ட்' 1.1. ஒரு ஏலக்கூடத்தின் கணக்குக்கு இதுவே மிச்சம்.

கரண்ட் போனால்

“தம்பி, கரண்டு போனா எழுதுனது போயிருமா?” என்பதுதான் கணக்குப்பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 'வால்' என்ற பதிவேட்டில் எழுதுகிறது. அது வட்டில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகுதான் கமிட் (நிலையாகப் பதிவு) ஆயிற்று என்று சொல்கிறது. திடீரென்று அணைந்தால், எழும்போது அந்தப் பதிவேட்டைத் திரும்பப் படித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்கிறது. லாகில் முறையாக அணைக்கப்படவில்லை, மீட்பு நடக்கிறது என்ற பொருளில் சில வரிகள் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குறுக்கே எதையும் செய்யவும் வேண்டாம். முடியும்வரை காத்திருங்கள்.

இது நடக்க 'எஃப்சிங்க்', 'ஃபுல்_பேஜ்_ரைட்ஸ்', 'சிங்க்ரனஸ்_கமிட்' மூன்றும் இயல்பான 'ஆன்' நிலையிலேயே இருக்க வேண்டும். வேகம் கூடும் என்று சொல்லி இவற்றை அணைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மீன் ஏலத்தில் நொடிக்கு ஆயிரம் வரி எழுதப்போவதில்லை.

ஆனால் போஸ்ட்கிரெஸ் சரியாக நடந்துகொண்டாலும், சில மலிவு வட்டுகள் எழுதுமுன்பே எழுதிவிட்டதாகச் சொல்லிவிடும். உங்கள் வட்டு எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரே வழி பிளக்கைப் பிடுங்குவதுதான். உண்மைத் தரவு ஏறுமுன் இதைச் செய்யுங்கள். சோதனைக்கு ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். வேறொரு லேப்டாப்பிலிருந்து 1, 2, 3 என்று எண்களை ஒவ்வொன்றாக, தனித்தனி கமிட்டாகச் சேர்க்கும் நிரல் ஒன்றை ஓட்டுங்கள். கமிட் திரும்பி வந்த பிறகுதான் அது எண்ணைத் திரையில் காட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரின் மின்கம்பியை யுபிஎஸ்ஸிலிருந்து உருவிவிடுங்கள். லேப்டாப் திரையில் கடைசியாக நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் எழுந்ததும் அட்டவணையின் மிகப்பெரிய எண்ணைக் கேளுங்கள். குறித்த எண் அதில் இருந்தே ஆக வேண்டும், ஒன்று கூடுதலாக இருந்தாலும் பாதகமில்லை. குறைந்தால் அந்த வட்டை மாற்றுங்கள். ஒரே தடவையோடு விடாமல் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள்.

காப்புநகல்

தினமும் ஏலம் முடிந்த பிறகு, மதிய நேரத்தில் 'பிஜி_டம்ப்' ஓடட்டும். 'கஸ்டம்' வடிவத்தில் எடுங்கள். அதில் ரோல்களும் கடவுச்சொற்களும் வராது, அவற்றுக்கு 'பிஜி_டம்பால்' கட்டளையை 'க்ளோபல்ஸ்-ஒன்லி' தெரிவுடன் தனியாக ஓட்ட வேண்டும்.

காலை ஏலத்தின் நடுவில் வட்டு போனால் நேற்று மதிய நகல் போதாது. அதற்குத்தான் 'வால்' கோப்புகளைச் சேமித்துவைப்பது. 'ஆர்க்கைவ்_மோட்' ஆன், 'ஆர்க்கைவ்_டைமவுட்' 300 நொடி. ஒவ்வொரு கோப்பும் 16 எம்பி. தொடர்ந்து வேலை நடந்தால் மணிக்கு 12 கோப்பு, 192 எம்பி. வாரம் ஒருமுறை 'பிஜி_பேஸ்பேக்கப்' கொண்டு முழு நகல் எடுத்தால், அதிலிருந்து இந்தக் கோப்புகளை ஓட்டி விபத்துக்குச் சில நிமிடம் முன்புவரை வந்துவிடலாம்.

இந்தக் கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுக்கும் 'ஆர்க்கைவ்_கமாண்ட்' எழுதும்போது இரண்டு நிபந்தனை வேண்டும். அதே பெயரில் கோப்பு அங்கே ஏற்கெனவே இருந்தால் மேலெழுதக் கூடாது. வெளி வட்டு உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால் முதலில் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், யாரோ யுஎஸ்பி கேபிளைக் கழற்றிய நாளில் நகலெல்லாம் அதே சர்வரின் வட்டுக்குள்ளேயே விழும். இணைப்பு இல்லையென்று கட்டளை தோற்றால் போஸ்ட்கிரெஸ் கோப்புகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். நாள்கணக்கில் கவனிக்காவிட்டால் வட்டு நிறைந்து தரவுத்தளம் நின்றுவிடும். 'பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்' என்ற காட்சியில் தோல்வி எண்ணிக்கையைத் தினமும் ஒருமுறை பாருங்கள்.

நகல்களில் ஒன்று பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பன் ரயில் பாலமும் சேதமானது. அளவில் சிறிய புயல் வந்தாலும் தீவில் இருக்கும் சர்வரும் தீவில் இருக்கும் வெளி வட்டும் ஒரே நாளில் நனையலாம். மதுரை போல உள்நாட்டு ஊர் ஒன்றுக்கு இணையம் வழியாகவோ, வாரம் ஒரு பென்டிரைவிலோ அனுப்புங்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது, ஆகவே 'ஜிபிஜி' கொண்டு பூட்டி அனுப்புங்கள். திறக்கும் சாவி சர்வரில் மட்டும் இருந்தால் பயனில்லை, இன்னொருவரிடமும் இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு லேப்டாப்பில் ஏற்றிப் பாருங்கள். காலித் தரவுத்தளம் உருவாக்கி 'பிஜி_ரெஸ்டோர்'. ஏறியதும் பிழை வரவில்லையே என்று திருப்திப்பட்டு நிறுத்தாதீர்கள். ஏதாவது ஒரு ஏலத் தேதியை எடுத்து, அன்றைய மொத்தத் தொகையையும் எடையையும் அன்று அச்சடித்த தாளோடு ஒப்பிடுங்கள். ஒரு படகுக்காரரின் பாக்கியை முதல் வரியிலிருந்து கூட்டிப் பாருங்கள். எத்தனை நேரத்தில் ஏறியது என்பதையும் எழுதிவையுங்கள். கெட்ட நாளில் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்.

தடைக்காலத்தில் செய்ய வேண்டியது

போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. இடையில் வரும் சிறு திருத்தங்களை வந்தவுடன் ஏற்றுங்கள், சில நொடி ரீஸ்டார்ட்தான். பெரிய பதிப்பு மாற்றத்துக்கு நம் கடற்கரையில் இயல்பாகவே ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் வந்துகொண்டிருக்கும், ஆனாலும் கூடம் ஓய்ந்திருக்கும்.

அப்போது முழு நகல் எடுத்து, அதை வேறு இயந்திரத்தில் ஏற்றிச் சரிபார்த்து, அதற்கப்புறம் புதிய பதிப்பை நிறுவுங்கள். நிறுவும்போதே புதிய பதிப்பும் 'மெயின்' என்ற பெயரில் ஒரு காலி கிளஸ்டரை (ஒரு பதிப்பின் கீழ் ஓடும் தரவுத்தளங்களின் தொகுப்பை) உருவாக்கியிருக்கும். அதை நீக்கிவிட்டு, பழைய பதிப்பு எண்ணையும் 'மெயின்' என்ற பெயரையும் கொடுத்து 'பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்' ஓட்டுங்கள். நீக்கும் கட்டளையில் பதிப்பு எண்ணை இரண்டு முறை படித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள். மாற்றம் முடிந்ததும் 'வேக்யூம்டிபி' கட்டளையை 'அனலைஸ்-ஒன்லி' என்று ஓட்டினால் வினவல்கள் பழைய வேகத்துக்கு வரும். இயங்குதளத்தையும் சேர்த்து மாற்றியிருந்தால் ஐசியு பதிப்பு மாறியிருக்கும், அகரவரிசை பற்றி எச்சரிக்கை வரும். தமிழ்ப் பெயர்கள் மேல் உள்ள இன்டெக்ஸ்களை (விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்களை) 'ரீஇன்டெக்ஸ்' செய்துவிட்டு, அதன் பிறகு 'ஆல்டர் டேட்டாபேஸ்' கட்டளையில் 'ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்' கொடுங்கள்.

பழைய கிளஸ்டர் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஜூன் 15க்குப் பிறகு விசைப்படகுகள் கரை திரும்பி, முதல் சில ஏலங்களின் தொகை தாளோடு ஒத்துவந்த பிறகு 'பிஜி_டிராப்கிளஸ்டர்' கொண்டு அதை நீக்குங்கள்.